ஓரமாக நடப்பவர்

மார்ச் 28, 2020, சனி
பாளையங்கோட்டை

எதையும் தொடங்கும் முன் சொல்லப் போவதை வரிசையாக எழுதி வைத்துக்கொள்வது என் பழக்கம். கல்லூரியில் விலங்கியல் வகுப்புக்கும் அப்படித்தான் போவேன். பிள்ளைகள் கேலி செய்தார்கள் என்பது தெரியும். இன்றும் எனக்கு வேறு வழி தெரியவில்லை.

1. எங்கள் ஒரே மகள் ஜெமிமாவின் கணவர் மத்தேயோ இத்தாலியில், தூரின் நகரத்தில், மருத்துவமனையில் இருக்கிறார். இந்தத் தொற்றுதான். மூச்சுக்கு உதவி கொடுக்கிறார்கள். ஜெமிமாவுக்கும் லேசாகத் தொற்று இருப்பதால் அவள் வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது. அவரைப் பார்க்க முடியாது.

2. நாங்களும் போக முடியாது. விமானம் இல்லை. தெருமுனைக்கே போக விடுவதில்லை.

3. மத்தேயோ ஒரு பாலே நடனக் குழுவில் இருப்பவர். அரங்குகளை மூடிவிட்டதால் அவர்களுடைய அரங்கம் பழைய நிகழ்ச்சிகளின் பதிவுகளை வாரம் ஒன்றாக இணையத்தில் இலவசமாகக் காட்டுகிறது. நான் அவற்றைப் பார்ப்பேன். பார்த்ததை ஜெமிமாவுக்கு எழுதுவேன்.

4. மத்தேயோவுக்கு என்னைத் தெரியாது. எனக்கும் அவரைத் தெரியாது.

5. கூட்டத்தில் அவர் யார் என்பதை நானே கண்டுபிடிப்பேன். ஜெமிமாவிடம் கேட்கமாட்டேன்.

நான்காவதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். திருமணம் அங்கேயே ஒரு பதிவு அலுவலகத்தில் நடந்தது. இந்த மே மாதம் இருவரும் வருவதாகவும், இங்கே சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு விருந்து வைப்பதாகவும் ஏற்பாடு. இதுவரை நான் அவரைத் தொலைபேசித் திரையில் மட்டுமே பார்த்திருக்கிறேன். தாடியும் கம்பளித் தொப்பியுமாக வருவார். “வணக்கம் அப்பா” என்பார். “வணக்கம்” என்பேன். பிறகு இருவரும் சிரித்துக்கொண்டே இருப்போம். அவர் தலையை இடது பக்கமாகச் சாய்த்து, நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருப்பார். நான் போனை என் மனைவி கனகத்திடம் கொடுத்துவிடுவேன்.

ஐந்தாவதற்கு விளக்கம் தேவையில்லை. புருஷன் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கும்போது மகளிடம் போய், “இதில் உன் வீட்டுக்காரர் யாரம்மா?” என்று எந்தத் தகப்பன் கேட்பான்? மேலும், தாமிரபரணி நண்டுகளை வகைப்படுத்துவதிலேயே என் ஆயுள் போயிருக்கிறது. ஒரே ஓடையில் ஒரே நிறத்தில் திரியும் இரண்டு நண்டுகளைப் பிரித்துச் சொல்லத் தெரிந்தவனுக்கு மாப்பிள்ளையைத் தெரியாமல் போகாது.

மார்ச் 29, ஞாயிறு

ஆராதனை தொலைபேசியில் நடந்தது. பாட்டு ஒரு பக்கம், வாய் அசைவு ஒரு பக்கம்.

பால் பாக்கெட்டை எடுக்க கேட்டுக்குப் போனேன். எதிர்வீட்டுத் தங்கையா அவர் வீட்டு வாசலிலிருந்தே கூப்பிட்டார்.

“சார், ஜெமிமா வந்திருக்கான்னு பேசிக்கிடுதாங்களே?”

“இல்ல, அவ அங்கதான் இருக்கா.”

“அப்பச் சரி. இத்தாலின்னாலே வயித்தக் கலக்குது, பாத்துக்கிடுங்க. போன்ல பேசினா ஒட்டாதுல்லா?”

வேடிக்கைக்குத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். சிரித்துவிட்டு வந்தேன். கனகம் சன்னலில் நின்று கேட்டிருக்கிறாள்.

“அவன் அப்படிக் கேக்கான், நீங்க இளிச்சிட்டு வாரீங்க.”

கேட்டின் கொண்டியைப் போட்டேனா என்று சந்தேகம் வந்தது. திரும்பிப் போய்ப் பார்த்தேன். போட்டிருந்தேன். வரும்போது சன்னலிலிருந்து மறுபடியும் அவள் சத்தம்: “படி எங்கயும் ஓடிராது. தைரியமா ஏறி வாங்க.”

கால் வைக்கும் முன் ஒவ்வொரு படியையும் நுனிக்காலால் தொட்டுப் பார்ப்பது அவளுக்கு எரிச்சல். ஆற்றுப் பாறைகளில் நண்டு தேடித் திரிந்தவன் நான். வழுக்குமா என்று பார்க்காமல் கால் வைத்துப் பழக்கமில்லை.

மதியம் சாப்பிட்ட பிறகு லேப்டாப்பை உணவு மேசையில் வைத்து முதல் நடனத்தைப் பார்த்தேன். ஒரு மலைக்கிராமத்தில் நடக்கும் கல்யாணம். பேச்சே கிடையாது. பெண்ணுக்கு ஒருவன் மேல் ஆசை, பேசி முடித்திருப்பது வேறொருவனுக்கு. அது மட்டும் எனக்குப் புரிந்தது. திரை விலகும் முன் கொஞ்ச நேரம் இருட்டு. அந்த இருட்டில் பார்வையாளர்கள் இருமுகிறார்கள். ஒருவர் இங்கே, ஒருவர் அங்கே. போன வருடத்துப் பதிவு. அப்போது அது வெறும் இருமல்.

கனகம் வெங்காயம் உரித்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

“இவனுவ என்ன, கால்சட்ட போட மறந்துட்டானுவளா?”

“போட்டிருக்காங்க. உடம்போட ஒட்டின துணி.”

“போட்டிருக்கதா நீங்க சொல்லுதீங்க. எனக்குத் தெரியலையே. நம்ம மாப்ளையும் இப்படியா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் உள்ளே போய்விட்டாள்.

மாப்பிள்ளையைக் கண்டுபிடித்துவிட்டேன். மணமகனின் தோழர்களில் இரண்டாவது வரிசையில் இருப்பவர். மற்றவர்களைவிட உயரம், நீண்ட கழுத்து. முக்கியமான அடையாளம்: ஆடாமல் நிற்கும்போது தலையை இடது பக்கமாகச் சாய்க்கிறார். ஒருமுறை அல்ல, பலமுறை பார்த்து உறுதி செய்தேன். என்ன தாவல்! மேலே போனவர் இறங்க விருப்பமில்லாதவர் போலக் கொஞ்சம் தங்கிவிட்டுத்தான் கீழே வருகிறார். போன வருடத்துக்கு முந்திய வருடம் முழங்காலில் அறுவை சிகிச்சை என்று ஜெமிமா சொல்லியிருந்தாள். நன்றாகக் குணமாகியிருக்கிறது.

மற்றவர்களைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. மணமகளின் தகப்பனார் வேடத்தில் ஒருவர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறார். ஆடவே இல்லை. ஒருமுறை எழுந்து மணமகன் தலையில் கை வைத்துவிட்டுத் திரும்பவும் உட்கார்ந்துகொள்கிறார்.

மார்ச் 30, திங்கள்

மாலையில் ஜெமிமா கூப்பிட்டாள். குரல் கம்மியிருந்தது. மத்தேயோவின் தலையைச் சுற்றிக் கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் கூடு மாட்டியிருக்கிறார்களாம். அதற்குள் காற்று அடிக்கும் சத்தத்தில் காது கேட்காது. அதனால் போனில் எழுதி அனுப்புகிறாள், அவர் வாசித்துவிட்டு ஓரிரு சொல் பதில் போடுகிறாராம்.

கல்யாண நடனம் பார்த்ததைச் சொன்னேன். “மாப்பிள்ளை அருமையாத் தாவுதாரும்மா. கீழ எறங்கவே மனசில்லாத மாதிரி.”

இணைப்பு போய்விட்டதோ என்று பார்த்தேன்.

“ஜெமி?”

“இருக்கேம்ப்பா.”

“முழங்கால் நல்லா ஆயிட்டு போலயே. வலியெல்லாம் இல்லையே?”

“இல்லப்பா. இப்ப வலி இல்ல.” பிறகு, “நீங்க சொன்னத அப்படியே அவனுக்கு எழுதட்டா?” என்றாள்.

கனகம் பக்கத்திலிருந்து, “அவன் இவன்னு சொல்லாத ஏட்டி, ஆஸ்பத்திரில கெடக்க மனுசன” என்றாள். அந்தப் பக்கம் ஜெமிமா சிரித்தது கேட்டது. ஒரு வாரத்தில் முதல் தடவை.

மார்ச் 31, செவ்வாய்

மத்தேயோவிடமிருந்து பதில்: “நன்றி அப்பா. இறங்க உண்மையிலேயே மனமில்லைதான்.” ஜெமிமா தமிழில் எழுதி அனுப்பினாள்.

என் வாழ்க்கையில் ஒரு மனிதர் நான் சொன்னதற்கு இவ்வளவு அழகாகப் பதில் சொன்னதில்லை. நான் சொல்வது சரியாக இருக்குமா என்ற பயத்தில் பெரும்பாலும் எதையும் சொல்லாமலே இருந்துவிட்டேன். காரணம் அதுவாகவும் இருக்கலாம்.

ஏப்ரல் 2, வியாழன்

அரிசி இருக்கிறது. மிளகு இல்லை. கனகத்தின் ரத்த அழுத்த மாத்திரை ஒரு கடையில் மட்டும் கிடைத்தது. போலீஸ்காரர் எங்கே போகிறாய் என்று கேட்டதும், கையிலிருந்த மருந்துச் சீட்டைக் காட்ட மறந்து, வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். கனகம் சீட்டைப் பிடுங்கிக்கொண்டு தானே போய் வாங்கி வந்தாள்.

மத்தேயோவுக்குக் காய்ச்சல் குறையவில்லை.

ஏப்ரல் 4, சனி

நேற்று அரங்கம் இரண்டாவது நடனத்தை வெளியிட்டது. இன்று பார்த்தேன். இதன் பதிவு போன டிசம்பரில் எடுக்கப்பட்டது என்று தொடக்கத்தில் போட்டிருந்தார்கள்.

கதை: எப்போதும் பனி பெய்யும் ஒரு சிறு நகரம். கடிகாரம் செய்பவரின் மகள் தூங்கிவிடுகிறாள், எழுந்திருப்பதில்லை. ஊர் இளைஞர்கள் ஒவ்வொருவராக வந்து அவளை எழுப்ப ஆடிப் பார்க்கிறார்கள். மாப்பிள்ளை அவர்களில் மூன்றாவதாக வருகிறார். (அதே உயரம், அதே கழுத்து. இப்போது எனக்குத் தேட வேண்டிய அவசியமே இல்லை.) சுழன்றபடியே மேடையை ஒரு சுற்றுச் சுற்றி வருகிறார். எனக்குத் தலை சுற்றியது, அவருக்கு இல்லை. அந்தப் பெண் எழுந்திருக்கவில்லை. நானாக இருந்தால் எழுந்திருப்பேன்.

ஒரு குறை. தெருவிளக்கு ஏற்றும் கிழவர் ஒருவர் இதில் வருகிறார். கையில் ஒரு கண்ணாடி விளக்கு. முக்கியமான ஆட்டம் நடக்கும்போதெல்லாம் ஓரமாக, சுவரை ஒட்டியே போய்க்கொண்டிருக்கிறார். சும்மா போனாலும் பரவாயில்லை. விளக்கின் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைக்கிறார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார், மறுபடி துடைக்கிறார். விளக்கைக் கீழே வைத்துவிட்டு இரண்டடி போனதும் அணைந்துவிட்டதா என்று திரும்பிப் பார்க்கிறார். இன்னும் இரண்டடி, இன்னொரு முறை. படி ஏறும்போது, அங்கே படி இருக்கிறதா என்ற சந்தேகம் வந்தவரைப் போல ஒவ்வொன்றையும் கால் நுனியால் தொட்டுப் பார்த்து ஏறுகிறார். பார்வையாளர்கள் சிரிக்கிறார்கள். எனக்கு அது மிகையாகப் பட்டது. எந்த மனிதரும் அப்படி நடப்பதில்லை. மாப்பிள்ளை சுழன்று வரும் முக்கியமான கட்டத்தில் இவர் குறுக்கே வந்து அவரை முழுதாக மறைத்துவிடுகிறார்.

கனகம் இந்த முறை உட்கார்ந்தே பார்த்தாள். அவளுக்குக் கிழவரைத்தான் பிடித்தது.

“இத்தன பேருல இந்த மனுசன் ஒருத்தருதான் ஒழுங்கா உடுத்திருக்காரு” என்றாள். பிறகும் கிழவர் வரும்போதெல்லாம், “வந்துட்டாரு, வந்துட்டாரு” என்று மெதுவாகச் சிரித்துக்கொண்டாள்.

ஜெமிமாவுக்கு எழுதினேன். வேடிக்கையாக ஏதாவது எழுதினால் அவர்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்குமே என்று நினைத்தேன். எனக்கு வேடிக்கையாக எழுத வராது. அடித்து அடித்து நாலைந்து முறை திருத்தியது இதுதான்:

‘மாப்பிள்ளையின் சுழற்சி மிகப் பிரமாதம். ஆனால் விளக்கோடு ஒரு கிழவர் வந்து குறுக்கே நின்று மறைக்கிறார். உடம்பு சரியாகி வேலைக்குப் போனதும், நிர்வாகத்தாரிடம் சொல்லி முதல் வேலையாக அவரை வீட்டுக்கு அனுப்பிவிடச் சொல்லவும். இப்படிக்கு, மாமனார்.’

அனுப்பிய பிறகு மிகவும் கூசியது. திரும்ப எடுக்கத் தெரியவில்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

ஜெமிமா காலையிலேயே கூப்பிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று முதலில் பிடிபடவில்லை.

“அப்பா, நீங்க எழுதினத வாசிச்சுட்டு அவன் சிரிச்ச சிரிப்பு இருக்கே. அந்தக் கூட்டுக்குள்ள சிரிச்சு, இருமி, மிஷின் எல்லாம் சத்தம் போட்டு நர்ஸ் ஓடி வந்துட்டாங்களாம். அவங்களே எனக்கு போன் பண்ணினாங்க. அப்படி என்னத்த அனுப்பினன்னு கேக்காங்க.”

“கஷ்டப்படுத்திட்டேனோ?”

“ஐயோ இல்லப்பா. அவன் என்ன பதில் போட்டிருக்கான் தெரியுமா? ‘அந்தக் கிழவரை எனக்கும் தெரியும். ரொம்ப நல்ல மனுசர். அவரை வீட்டுக்கு அனுப்ப மனசு வராது’ன்னு.”

நல்ல குணம். கூட வேலை செய்பவரை விட்டுக்கொடுக்கவில்லை.

இன்று இரவு ஊரெல்லாம் மின்விளக்கை அணைத்துவிட்டு அகல்விளக்கோ மெழுகுவத்தியோ ஏற்ற வேண்டும் என்று அரசாங்கம் சொல்லியிருந்தது. அகல் விளக்கு நம் வீட்டில் கிடையாது. மெழுகுவத்தி தீர்ந்திருந்தது. பின்புறக் கொட்டகையில் பழைய அரிக்கேன் இருந்தது. இன்வெர்ட்டரை நம்பாமல் நான் போட்டு வைத்திருப்பது. ஒன்பது மணிக்குக் கொஞ்சம் முன்னால் அதை எடுத்து, பனியன் நுனியால் கண்ணாடியைத் துடைத்து, ஏற்றிக்கொண்டு பின்பக்கப் படிகளில் வந்தேன். கனகம் கதவில் சாய்ந்து நின்று என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். திடீரென்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

“என்ன?”

“ஒண்ணுமில்ல. நீங்க வாங்க.”

இந்த நிலைமையில் அவள் சிரிப்பதே பெரிது. மேற்கொண்டு கேட்கவில்லை.

ஏப்ரல் 6, திங்கள்

மத்தேயோவை மயக்க நிலையில் வைத்துக் குழாய் போட்டுவிட்டார்கள். இனி எழுதி அனுப்பினாலும் வாசிக்க முடியாது.

ஏப்ரல் 7, செவ்வாய்

எழுதி அனுப்பினேன். விழித்ததும் வாசிக்கட்டும்.

ஏப்ரல் 10, பெரிய வெள்ளி

மும்மணி ஆராதனையையும் திரையில்தான் பார்த்தோம். கனகம் திரைக்கு முன்னால் முழங்கால் போட்டு, எழ முடியாமல், நான் தூக்கிவிட வேண்டியதாயிற்று.

அரங்கம் அடுத்த நடனத்தை வெளியிட்டிருக்கிறது. அதை நான் பார்க்கவில்லை. பழையதையே, அந்தப் பனி நகரத்தையே, திரும்பப் போட்டேன். மாப்பிள்ளை வரும் இடத்தில் நிறுத்தி, அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே ஜெபம் செய்தேன். வேறு எந்த முகத்தை நினைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. தாடி வைத்த முகத்தை நான் ஒருநாளும் நேராகப் பார்த்துப் பேசியதில்லையே.

ஏப்ரல் 12, ஈஸ்டர்

சிறுநீரகமும் வேலை செய்யவில்லை என்கிறார்கள்.

ஏப்ரல் 15, புதன்

மத்தேயோ நேற்று இறந்துபோனார்.

ஏப்ரல் 18, சனி

அடக்கத்துக்கு யாரையும் விடவில்லை. ஜெமிமா வீட்டுச் சன்னலில் நின்றிருக்கிறாள். பெட்டியை ஏற்றிய வண்டி அந்தத் தெரு வழியாகப் போகாது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் நின்றிருக்கிறாள். அவளுடைய சிநேகிதி ஒருத்தி கீழே தெருவில் நின்றபடி மேலே பார்த்து அழுதாளாம். மேலே வரக்கூடாது என்பதால்.

இங்கே கனகத்தைத் தேற்றவும் யாரும் வரவில்லை, வரவும் முடியாது. தங்கையா மட்டும் கேட்டுக்கு வெளியே ஒரு பையில் காய்கறி வைத்துவிட்டு, எட்டப் போய் நின்று கூப்பிட்டார்.

“சார், அன்னைக்கு நான் வெளாட்டுக்குக் கேட்டது. மனசுல வச்சிக்கிடாதீங்க.”

“இல்ல, இல்ல.”

“மாப்ளைக்கு என்ன வயசு?”

முப்பத்தொன்பது என்றேன். அவர் முகக்கவசத்தைக் கண் வரைக்கும் இழுத்துத் துடைத்துக்கொண்டார்.

ஏப்ரல் 24, வெள்ளி

ஜெமிமா பேசுவதில்லை. போனை எடுக்கிறாள், கனகம் பேசுகிறாள், அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நான் வாங்கினால், “சாப்டியா?” என்று கேட்கிறேன். “சாப்ட்டேம்ப்பா” என்கிறாள். முடிந்துவிடுகிறது.

அவளோடு பேச எனக்கு இருந்த ஒரே விஷயம் அவருடைய நடனம்தான். அதையும் இப்போது பேசலாமா கூடாதா என்று தெரியவில்லை. தாவினது, சுழன்றது எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதி அனுப்பினால் பிற்பாடு அவளுக்கு ஆறுதலாக இருக்குமோ? புண்ணைக் கிளறுவதாக ஆகுமோ? எழுதினேன். அனுப்பவில்லை.

ஏப்ரல் 29, புதன்

அனுப்பிவிட்டேன். ஒரு பக்கம். கல்யாணத்தில் தாவியது, பனி நகரத்தில் சுழன்றது, கழுத்தின் நீளம், தலைச் சாய்வு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் எழுதி, கடைசியில், ‘இவரை நேரில் பார்த்திருந்தால் பேசியிருப்பேன்’ என்று எழுதினேன்.

வாசித்ததற்கான நீலக் குறி வந்தது. பதில் வரவில்லை.

மே 3, ஞாயிறு

ஜெமிமா இன்று அவளாகவே கூப்பிட்டாள். தொற்று இல்லை என்று சான்று வந்துவிட்டதாம். வெளியே போய்விட்டு வந்திருக்கிறாள். முகம் பாதியாக இருந்தது. கனகத்தையும் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

“அப்பா, ஒண்ணு சொல்லணும். கோபப்படக்கூடாது.”

நான் யார் மீது கோபப்பட்டிருக்கிறேன்?

“நீங்க பாத்துக்கிட்டு இருந்தது மத்தேயோ இல்லப்பா. அது பவெல். ஸ்லோவாக்கியாவில இருந்து வந்த பையன். நல்லா இருக்கான், ஊருக்குப் போயிட்டான்.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உயரம், கழுத்து, தலைச் சாய்வு என்றேன். வாயில் அதுதான் வந்தது.

“தலைய சாய்க்கிறது எல்லாரும் செய்வாங்கப்பா. அவங்களுக்கு அப்படிச் சொல்லிக் கொடுக்கிறதே வழக்கம்.”

“அப்ப மாப்பிள்ளை?”

“ஆபரேஷனுக்கு அப்புறம் அவனால தாவ முடியாதுப்பா. ஆட்டம் நின்னுபோச்சு. நடந்துக்கிட்டே நடிக்கிற வேஷம் மட்டும்தான் கொடுத்தாங்க. அப்பா வேஷம், ராஜா வேஷம், கிழவன் வேஷம். கல்யாணத்துல பொண்ணோட அப்பாவா உக்காந்திருந்தது அவன்தான்.” கொஞ்சம் நிறுத்தினாள். “விளக்குக் கிழவரும் அவன்தான்.”

கனகம் என் கையைப் பிடித்தாள்.

என் முதல் கேள்வி அந்தக் கடிதத்தைப் பற்றியதாகத்தான் இருந்தது. வீட்டுக்கு அனுப்பிவிடச் சொல்லி நான் எழுதியதைப் பற்றி. “அந்தக் கிழவரப் பத்தி...” என்று தொடங்கினேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

“அப்பா, அவன் சிரிச்சான்னு சொன்னேன்ல, அது நெசம். மொதல்ல நீங்க தாவுறதப் பத்தி எழுதினப்பவே நான் சொல்லிடுறேன்னேன். அவன்தான் தடுத்தான். ‘அப்பா பாக்குறவரைக்கும் நான் தாவிக்கிட்டு இருக்கேன், கெடுக்காத’ன்னான். கெழவரப் பத்தி வந்ததும், ‘இப்ப சொல்லவே சொல்லாத. மே மாசம் ஊருக்கு வந்து அவர் முன்னாடி நானே நடந்து காட்டுறேன், அப்ப மொகத்தப் பாக்கணும்’னு எழுதினான்.”

“என்னத்த நடந்து காட்டணும்?” என்றேன். இதுவும் எனக்கு விளங்கவில்லை.

ஜெமிமா என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தாள். கனகம் தலையைக் குனிந்துகொண்டாள்.

“போன வருசத்துக்கு முந்தின வருசம் கிறிஸ்துமஸுக்கு நான் தனியா வந்திருந்தப்ப ஒருநாள் கரண்ட் போச்சுல்லப்பா? நீங்க கொட்டகையில இருந்து அரிக்கேன் எடுத்துட்டு வந்தீங்க. நான் போன்ல புடிச்சேன். அத மத்தேயோவுக்குக் காட்டினேன். சும்மா சிரிக்கதுக்குத்தான். அவன் சிரிக்கல. திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்தான். மாசக்கணக்கா எங்க வீட்டு மாடிப்படில அதையே நடந்து பழகினான். சட்ட நுனியால தொடைக்கிறது, படியத் தொட்டுப் பாக்கிறது, திரும்பித் திரும்பிப் பாக்கிறது. ‘இந்த மனுசர் எதையும் மிதிச்சிடக் கூடாதுன்னு நடக்காரு’ன்னு சொல்லுவான்.”

எனக்கு உடனே நினைவுக்கு வந்தது அரங்கத்தின் சிரிப்பு. “சனங்க சிரிச்சாங்களே” என்றேன். ஒரு குழந்தையைப் போலக் கேட்டுவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

“மொதல்ல சிரிப்பாங்க. கடைசில சிரிக்கமாட்டாங்க. கடைசி வரைக்கும் பாத்தீங்களா நீங்க?”

நான் பார்க்கவில்லை. மாப்பிள்ளை என்று நான் நினைத்தவரின் ஆட்டம் முடிந்ததும் நிறுத்திவிட்டேன். பின்பும் அந்த இடத்துக்குத்தான் திரும்பத் திரும்பப் போனேன்.

மே 4, திங்கள்

அரங்கத்தின் பக்கத்தில் பனி நகரம் இல்லை. சில வாரங்கள்தான் வைத்திருப்பார்களாம், எடுத்துவிட்டார்கள். ஜெமிமா கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னாள். உரிமை, ஒப்பந்தம் என்று ஏதோ இருக்கிறதாம். அலுவலகமும் மூடியிருக்கிறது.

என்னிடம் இருப்பது ஏப்ரல் 4 அன்று நான் எழுதியது மட்டும்தான். எரிச்சலில் எழுதியதால் துல்லியமாக எழுதியிருக்கிறேன். அதை இன்று வாசித்தேன். ‘எந்த மனிதரும் அப்படி நடப்பதில்லை’ என்ற வரிக்கு மேல் போக முடியவில்லை.

நானே கண்டுபிடிப்பேன் என்ற ஐந்தாவது குறிப்பைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. ஒரே ஓடையில் இரண்டு நண்டுகளைப் போல அந்தக் கிழவருக்குள் இரண்டு பேர் இருந்தார்கள். இரண்டு பேரையும் எனக்குத் தெரியவில்லை. அதில் ஒருவன் நான்.

மே 5, செவ்வாய்

கனகத்திடம் கேட்டேன். அவள்தான் அன்று கிழவரையே பார்த்துக்கொண்டிருந்தவள். நான் நிறுத்தியபின் அவள் தனியாக மறுபடி ஓட்டிப் பார்த்தாளாம். இது எனக்குத் தெரியாது.

“கடைசில என்ன ஆகுது?”

அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகைக் கீழே வைத்தாள்.

“எல்லாரும் ஆடிக் களைச்சுப் போயிருவானுவ. ஒருத்தனும் அந்தப் பிள்ளைய எழுப்ப முடியல. மேடைல யாருமில்ல. அப்ப இவரு வாராரு. வீடு வீடா வெளக்கு ஏத்திட்டே வாராரு. அந்தப் பிள்ள வீட்டு வாசல்லயும் ஏத்துதாரு. அவள எழுப்பக்கூட இல்ல, பாத்துக்கிடுங்க. ஏத்திட்டுப் போறாரு. திரும்பிப் பாக்காரு. இன்னும் ரெண்டடி போயித் திரும்பிப் பாக்காரு. அந்த வெளிச்சம் மூஞ்சில பட்டு அவ முழிச்சிக்கிடுதா. அப்ப இவரு அங்க இல்ல. போயிட்டாரு.”

“அவருக்குத் தெரியாதா, அவ முழிச்சது?”

“தெரியாது.”

அவள் சுளகை மறுபடி மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

“அன்னைக்கே ஒனக்குத் தெரியுமா, அது என்னோட நடைன்னு?”

“நடை தெரிஞ்சுது. மாப்ளன்னு தெரியாது. உலகத்துல இன்னொருத்தரும் இப்படி இருக்காரேன்னு சிரிச்சேன்.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “அந்த மனுசன் நம்ம வீட்டுப் படியில ஒரு தடவ கூட ஏறல. எப்படிப் பாத்து வச்சிருக்காரு பாத்தீங்களா?”

அவர் எப்படி நடந்தார் என்று எழுந்து காட்டச் சொன்னேன். நான் அதைப் பார்க்கவே இல்லையே என்றேன். மாட்டேன் என்று தலையசைத்தாள். மறுபடி கேட்டேன்.

“நான் என்னத்துக்குக் காட்டணும்? இருட்டுது. நீங்க போயி கேட்டப் பூட்டிட்டு வாங்க. நான் இங்கன இருந்து பாத்துக்கிடுதேன்.”

போனேன். கதவுக்கு வெளியே வந்ததும் கால் தடுமாறியது. எப்படி நடப்பது என்று தெரியவில்லை. ஒருவர் பார்க்கிறார் என்பது தெரிந்த பிறகு நடப்பது கடினம். மாப்பிள்ளை ஆயிரம் பேருக்கு முன்னால் நடந்திருக்கிறார். சுவரை ஒட்டியே போய், கொண்டியைப் போட்டு, பூட்டினேன். இரண்டடி வந்து திரும்பிப் பார்த்தேன். பூட்டியிருந்தது. இன்னும் இரண்டடி வந்தேன். வேண்டுமென்றே திரும்பாமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை. படியில் கால் வைக்கும் முன் நுனிக்கால் தானாகப் போய்த் தொட்டது. மேலே கனகம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். இந்த முறை சிரிக்கவில்லை.

மார்ச் 28 அன்று எழுதிய நான்காவது குறிப்பில் இரண்டு வாக்கியங்கள் இருக்கின்றன: ‘மத்தேயோவுக்கு என்னைத் தெரியாது. எனக்கும் அவரைத் தெரியாது.’ இரண்டாவது சரி. எனக்கு அவரைத் தெரியாது.

முதலாவது தவறு.